கப்பலில் முந்திரிக்கொட்டை, திரையில் டாலர்

விலை ஏறுமா இறங்குமா என்று காட்டும் இண்டிகேட்டர்களில் எது நல்லது என்று இன்னும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கிக்கொண்டு நிற்பேன். தோளில் பை மாட்டிய ஒருவர் வந்து, “நீங்க கரன்சி டெஸ்க்குல இருந்த செல்வி மேடம்தானே? ஆர்.எஸ்.ஐ. நம்பலாமா, மூவிங் ஆவரேஜ் நம்பலாமா?” என்பார். மருந்துக் கடையில் போய், எந்த மாத்திரை நல்ல மாத்திரை என்று கேட்பது போல இருக்கும். உடம்புக்கு என்ன என்று சொல்லாமல் எதைச் சொல்வது?

இப்போது அந்த டெஸ்க்கே இல்லை. நிஜமாகவே டாலரில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்குத்தான் இந்த வியாபாரம் என்று விதி இறுகியதும் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கைபேசியிலேயே போட்டுக்கொள்கிறார்கள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. அங்கே உட்கார்ந்து நாங்கள் என்னதான் செய்தோம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். டெலிபோன் பூத்தில் வேலை, ஜெராக்ஸ் கடையில் வேலை, பிறகு பெரம்பலூரில் ஒரு பங்குத் தரகு ஆபீஸில் போன் எடுத்துப் பேசும் வேலை. வாடிக்கையாளர் சொல்லும் ஆர்டரைத் திரையில் போடும் டீலர் ஆவதற்கு ஒரு தேர்வு உண்டு. அதற்குப் பள்ளிச் சான்றிதழ் கேட்கவில்லை, பாஸ் செய்தால் போதும். முதல் தடவை ஃபெயில், மறு தடவை பாஸ். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது என் சுபாவத்தை. நான் பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே ஸ்டாப்பில் நிற்பேன். என் வீட்டுக்காரர் முருகேசன் விருந்தாளிகளிடம், “இவ சாம்பாருக்கே ஸ்டாப் லாஸ் வச்சிருப்பா. அது கெட்டுப்போனா ஊத்திக்கத் தனியா ஒரு ரசம் இருக்கும், பாருங்க” என்பார். சிரிக்கட்டும். அந்தப் பயத்தை வெளியே எங்கே கொண்டுபோனாலும் கேலிதான் கிடைத்தது. டீலர் நாற்காலியில் மட்டும் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். கவலைப்படுகிறவர்களுக்கென்றே செய்த வேலை அது. இதை நான் அடக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டெஸ்க்கில் யாரும் டாலரைக் கையில் வாங்குவதில்லை. இந்த மாதக் கடைசியில் ஒரு டாலர் இவ்வளவு ரூபாய் என்று இன்றைக்கே பேசிவைக்கும் ஒப்பந்தம். ஒரு லாட் என்றால் ஆயிரம் டாலர். விலை ஏறினால் வாங்கியவருக்கு லாபம், இறங்கினால் விற்றவருக்கு. இலக்கு விலை வந்தால் லாபத்தோடு வெளியே வர ஓர் ஆர்டர், விலை எதிர்ப்பக்கம் போனால் இவ்வளவு நஷ்டத்தோடு போதும் என்று வெளியே வர ஓர் ஆர்டர். இரண்டாவதற்குத்தான் ஸ்டாப் லாஸ் என்று பெயர். எங்கள் திரையில் அந்த ஸ்டாப் சாயங்காலம் வரைதான் உயிரோடு இருக்கும். மறுநாள் காலை, வாடிக்கையாளரிடம் கேட்டு, மறுபடியும் போட வேண்டும்.

எமிலி மேடம் எங்கள் கிளை மேனேஜர். வரதராசன்பேட்டைக்காரர். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் வாத்தியார்கள். இவர் மட்டும் தரகு ஆபீஸுக்கு வந்துவிட்டார். ஆனாலும் அந்த வீட்டுப் பழக்கம் விடவில்லை. வாடிக்கையாளர் போனில் ஆர்டர் சொல்லும்போது நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நாம் அதைத் திருப்பி வாசிக்க வேண்டும்: பெயர், வாடிக்கையாளர் எண், எந்த மாதம், வாங்கவா விற்கவா, எத்தனை லாட், என்ன விலை, ஸ்டாப் எங்கே, இலக்கு எங்கே. ஒன்று விட்டுப்போனாலும் நாற்காலியின் முதுகில் விரலால் ஒரு தட்டு. பேசவே மாட்டார். முழுதாக வாசித்து முடித்தால் “ம்” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் பாராட்டு.

ஸ்டாப் இல்லாமல் ஆர்டர் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் எங்கள் கிளையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஸ்டாப் வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் அதைத் தன் வாயால், பதிவாகும் போனில், “எனக்கு ஸ்டாப் வேண்டாம்” என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சும்மா “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்றால் செல்லாது. அந்த வாக்கியத்தைச் சொல்லப் போய் எத்தனை பேருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

நேரில் வருகிறவர்கள் கைபேசியில் படம் காட்டுவார்கள். கோடு கோட்டை வெட்டுகிறது, அம்புக்குறி பச்சையாகிவிட்டது, உள்ளே போகலாம் என்பார்கள். மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, உள்ளங்கையால் அந்தத் திரையை மூடிவிடுவார். “படத்த மறைச்சாச்சு. இப்பச் சொல்லுங்க, எங்க வெளிய வருவீங்க?” பலர் மறுபடியும் படத்தைத்தான் காட்டப் பார்ப்பார்கள். இண்டிகேட்டர் உள்ளே போகும் வாசலைத்தான் பளிச்சென்று காட்டும். வெளியே வரும் வாசலை நாம்தான் உள்ளே போவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காய வியாபாரி சுப்பையா அண்ணன் எங்களிடம் கொஞ்ச நாள் விளையாடினார். அவருக்கு ஸ்டாப் என்றால் ஐந்து பைசா, இலக்கு என்றால் ஒரு ரூபாய். கேட்க அழகாக இருக்கும். டாலர் சும்மா மூச்சு விட்டாலே ஐந்து பைசா ஆடும். தினமும் ஸ்டாப்பில் அடிபட்டு வெளியே வந்தார். அப்புறம் இலக்குப் பக்கம் விலை போனால், கிட்ட வரும்போது போன் அடித்து, “இன்னுங் கொஞ்சம் தள்ளி வை செல்வி” என்பார். விலை திரும்பிவிடும்.

ஒருநாள் நேரில் வந்து சண்டை போட்டார். “ஒங்க ஸ்டாப்பு என்னைய மட்டுந்தான் பாத்து அடிக்குது!”

மேடம் கேட்டார்: “பட்டறை போட்டு வெங்காயத்த இருப்பு வச்சா எடை குறையும்ல அண்ணே? குறையாதுன்னு நெனச்சா வெல பேசுறீங்க?”

“அது எப்டிம்மா, காய்ஞ்சா கொறையத்தான செய்யும். அதுக்கு விட்டுத்தான் பேசுவேன்.”

“டாலருக்கு ஏன் விடல?”

அண்ணன் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இத நீ மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?” என்றார். “டீலர் யோசனை சொல்லக்கூடாதுண்ணே” என்றேன். “அப்ப மேனேஜர் மட்டும் சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார். அதன்பின் அவர் ஸ்டாப்பைத் தினசரி ஆட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்தார், இலக்கை அதைப்போல் இரண்டு மடங்கில் நிறுத்தினார், லாட்டைக் குறைத்துக்கொண்டார். பெரிய பணக்காரர் ஆகவில்லை. போன் அடித்துத் திட்டுவதை நிறுத்தினார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பிறகு எங்களை அரியலூர் கிளைக்கு மாற்றினார்கள், மேடத்தையும் என்னையும். அங்கே அடைக்கலராஜ் அய்யா வாடிக்கையாளர். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி உடைக்கும் ஆலை வைத்திருந்தார். சொந்த ஊர்க் கொட்டை வருஷம் முழுக்கக் காணாது என்று ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கண்டெய்னர் பச்சைக்கொட்டை வரவழைத்தார். கொட்டை தூத்துக்குடியில் இறங்கும் நேரத்தில் இருபதாயிரம் டாலர் கட்ட வேண்டும். முந்திரிப் பருப்பை வாங்குகிறவர்களிடம் ரூபாயில் விலை பேசி முடித்துவிட்டார். நடுவில் டாலர் ஏறினால் அந்த வித்தியாசம் முழுவதும் அவர் தலையில். அதைக் கட்ட முடியாவிட்டால் கொட்டை துறைமுகத்திலேயே கிடக்கும், அந்தப் பருவத்துக்கு ஆலை மூடிவிடும், உடைக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை இல்லை. அதனால் எங்களிடம் இருபது லாட் டாலர் வாங்கி வைத்திருந்தார். டாலர் ஏறினால் கொட்டைக்குக் கூடுதலாகக் கட்டுவது இங்கே லாபமாக வந்துவிடும். இறங்கினால் இங்கே நஷ்டம், ஆனால் கொட்டை மலிவு. இரண்டும் சரிக்குச் சரி.

டாலர் ஏறியது. எண்பத்து மூன்று நாற்பது. அவர் வாங்கியதைவிட அறுபது பைசா மேலே. அப்போதுதான் அவருடைய மாப்பிள்ளை ஜெரால்டு உள்ளே வந்தார். இன்ஜினியர், பெங்களூரில் வேலை, லீவுக்கு வந்திருந்தார். கெட்டிக்காரர்தான். அவர் பார்த்த இண்டிகேட்டரும் பொய் சொல்லவில்லை: ஆர்.எஸ்.ஐ. எழுபதைத் தாண்டி நின்றது, விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது, இறங்கலாம் என்று அர்த்தம். இருபதை விற்று லாபம் எடுக்க வேண்டும், மேலே இன்னும் இருபதை விற்று இறக்கத்திலும் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அய்யா போனில் சொன்னார்: “நாப்பது வித்துரும்மா.”

“ஸ்டாப் எங்கங்கய்யா?”

பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. “எண்பத்து மூணு அறுபது, மாமா. இருவது பைசா போதும்.”

“எத்தன லாட்டுக்கு?”

“இருவது” என்றார் மாப்பிள்ளை. “வித்தது நேராயிடும்ல.”

என் பயம் இங்கே எழுந்து உட்கார்ந்தது. நாற்பது விற்று, ஏறும்போது இருபது மட்டும் திருப்பி வாங்கினால், கணக்கு நேராகிவிடும், உண்மை. ஆனால் கணக்கு நேர் என்றால் கையில் ஒன்றும் இல்லை என்று பொருள். கொட்டை நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும், அதற்குக் குடை இருக்காது, அதுவும் டாலர் ஏறுகிற நேரத்தில். யோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் திருப்பி வாசிக்க உரிமை உண்டு. வாசித்தேன். “ஸ்டாப்புல இருவது லாட் வாங்குனா, அதுக்கப்புறம் உங்க பேர்ல டாலர் எதுவும் இருக்காதுங்கய்யா. நாப்பது வாங்குனா, பழையபடி இருவது இருக்கும். எது போடட்டும்?”

பின்னால் நாற்காலியில் தட்டு விழவில்லை.

“நாப்பதுன்னே போடு” என்றார் அய்யா. “கொட்டை என்னுது. மாப்ளயோடது இல்ல.”

முதலில் டாலர் இறங்கியது. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். காலையில் நான் ஸ்டாப்பைப் புதுப்பிக்கக் கூப்பிடும்போதெல்லாம், “இந்த மேடம் சுப்ரபாதம் மாதிரி கரெக்டா ஆரம்பிச்சிடுறாங்க மாமா” என்று பின்னால் கேலி செய்வார். “மாதா படம் மாட்டுன வூட்டுல சுப்ரபாதம் எங்க மாப்ள போடுறோம்?” என்பார் அய்யா. ஒவ்வொரு நாளும் நான் வாசிப்பேன், அவர் சரி என்பார், நான் போடுவேன்.

ஒருநாள் காலை ஆபீஸுக்கு வந்ததும் வெளிநாட்டு விலையைப் பார்த்தேன். நாம் தூங்கும் நேரத்தில் டாலர் தாவியிருந்தது. எங்கள் சந்தை ஒன்பது மணிக்குத் திறக்கும்போது அறுபதைத் தாண்டித்தான் திறக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. அய்யாவுக்குப் போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தேன். அதேதான்.

ஆர்டரைத் திரையில் முழுதாக அடித்துவைத்துவிட்டேன். நாற்பது லாட், வாங்க. ஒரு விசைதான் பாக்கி. என் விரல் அதன் மேல் இருந்தது.

“கைய எடு, செல்வி” என்றார் மேடம், பின்னாலிருந்து.

“தினமும் சரின்னுதானே மேடம் சொல்றாரு.”

“இன்னிக்கிச் சொல்லல. அவரு கொரலு இல்லாம ஒரு லாட் போட்டாலும் அது நம்ம வியாபாரம், அவரு பணம். போன் போடு. விடாம போடு.”

கையை எடுத்தேன். மாப்பிள்ளைக்கு அடித்தேன். “நானும் பாத்தேன் மேடம். ஓவர் ரியாக்ஷன். ஆர்.எஸ்.ஐ. இன்னும் மேல போயிருக்கு பாருங்க, மத்தியானத்துக்குள்ள கீழ வந்துரும். இன்னிக்கி ஸ்டாப் போட வேண்டாம்” என்றார். அவர் குரலில் நான் போடவும் முடியாது. அதே காரணத்தால் அவர் குரலில் போடாமல் இருக்கவும் முடியாது. “அய்யா எங்க சார்?” என்றேன். “மாதா கோயில்ல. அவங்க அம்மாவுக்கு நினைவுப் பூசை. நான் வீட்ல இருக்கேன், குழந்தைக்கு ஜுரம்.”

ஆலையில் மேற்பார்வை பார்க்கும் அமலி அக்காவைப் பிடித்தேன். ஆலை கோயிலுக்குப் பின்புறம்தான்.

“அக்கா, மொதலாளிய ஒடனே போன்ல கொண்டாங்க.”

“பூசையில இருக்காருடி. எப்டிக் கூப்புடுறது? சாமியாரு என்னைய மொறைச்சே கொன்னுபுடுவாரு.”

“கொட்டை விசயம்க்கா. கப்பல்ல வர்ற கொட்டை.”

“கொட்டையா?” என்றார் அக்கா. அப்புறம் என்னிடம் பேசவில்லை. செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது, ஒரு இரும்புக் கதவு, பிறகு பாட்டுச் சத்தம், அதற்குள் யாரையோ “தள்ளு, தள்ளு” என்று அதட்டும் குரல்.

சந்தை திறந்துவிட்டது. எண்பத்து மூன்று எழுபத்திரண்டு.

“ஏம்மா செல்வி, நன்மை வாங்க வரிசையில நிக்குறேன். இப்பவா?” பூசையில் சாமியார் கையால் அப்பம் வாங்கும் வரிசை அது, அய்யாவின் குரல் அடங்கி வந்தது. பதிவாகும் போனிலிருந்துதான் அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். அய்யாவின் குரல்தான், சந்தேகமில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டேன். சொன்னார்.

“டாலர் எழுபத்திரண்டுல இருக்குங்கய்யா. உங்க ஸ்டாப்ப எப்பவோ தாண்டிருச்சு. இப்ப ஸ்டாப் போட முடியாது, நேரா வாங்கத்தான் முடியும்.”

“மாப்ள என்ன சொல்றாரு?”

“கீழ வந்துரும்ங்கறாரு.”

“வருமா?”

“தெரியாதுங்கய்யா.”

“நீ என்ன சொல்ற? நெஞ்சத் தொட்டுச் சொல்லு.”

மேடம் என் பின்னால்தான் நின்றார். நாற்காலியில் விரல் படவில்லை. இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். என் நெஞ்சில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் என் நெஞ்சில் எப்போதுமே அதுதான் இருக்கும், சாம்பார் வைக்கும்போதும் அதுதான். அதை நம்பி ஓர் ஆலையை நடத்தக்கூடாது.

“நான் சொல்லக்கூடாதுங்கய்யா. இருக்கறத வாசிக்கிறேன். இப்ப உங்க பேர்ல இருவது லாட் வித்து நிக்குது. டாலர் ஒவ்வொரு பைசா ஏறவும் இங்கயும் நஷ்டம், கொட்டையிலயும் நஷ்டம். இப்ப நாப்பது வாங்குனா, இதுவரைக்கும் போனது போனதுதான், திரும்ப வராது. ஆனா கொட்டைக்கு மறுபடி இருவது லாட் நிக்கும். கொஞ்சம் இருந்து பாக்கறதுன்னா, இன்னொரு ஸ்டாப் சொல்லுங்க. அதுவும் வேண்டாம்னா, ‘எனக்கு ஸ்டாப் வேண்டாம்’னு சொல்லுங்க.”

பின்னால் மணி அடித்தது. அமலி அக்கா யாரிடமோ, “கொட்டை வருமாம், வராதாம், தெரியலடி” என்று சொல்வது கேட்டது. கோயிலுக்கு வந்திருந்த ஆலைப் பெண்கள் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள் போல.

“எனக்கு” என்றார் அய்யா. நிறுத்தினார். “எனக்கு அந்தப் பேச்சு வாய்ல வர மாட்டேங்குதும்மா. வாங்கிரு. நாப்பதும் வாங்கிரு.”

திருப்பி வாசித்தேன், ஒன்றையும் விடாமல். “சரி” என்றார். விசையை அழுத்தினேன். எண்பத்து மூன்று எழுபத்தைந்தில் நாற்பதும் முடிந்தது.

அன்று மத்தியானம் டாலர் கீழே வந்தது. நாற்பத்தைந்து வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை போன் செய்து, “நான் சொன்னேன்ல மேடம்? மேலேயே வாங்க வச்சுட்டீங்களே” என்றார். அவர் சொன்னது நடந்தது, மறுக்க எதுவும் இல்லை. இண்டிகேட்டர் அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: விலை அளவுக்கு மீறி ஓடிவிட்டதா? அதன் பதில் தப்பாகப் போனால் யாருடைய அடுப்பு அணையும் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு ஸ்டாப்தான் பதில். எது பெரிது என்று அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை, இன்றும் இல்லை. டாலர் இறங்கியதற்காக நான் ஒரு நிமிஷமும் வருத்தப்படவில்லை. கவலைப்படுவதற்குப் பிறந்த நான் இதைச் சொல்கிறேன் என்றால் நம்பலாம்.

சாயங்காலம் அய்யா கூப்பிட்டார். விற்று வாங்கியதில் போனது எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். “கால் பவுனு வருமா?” என்றார். ஏறக்குறைய வரும் என்றேன். “மாப்ளைக்குக் கல்யாணத்துல மோதிரம் கொஞ்சம் மெலிசாப் போட்டுட்டேன்னு அவுங்க வூட்டுல ஒரு கொறை இருந்துச்சு. அதுல சேத்துக்கறேன்” என்று சிரித்தார்.

அதன்பின் கொட்டை வரும்வரை டாலர் இறங்கியது, ஏறியது, கடைசியில் எண்பத்து நான்கைத் தாண்டியது. அது ஏறியதால் நாங்கள் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். இறங்கியிருந்தால் கொட்டை மலிவாகியிருக்கும், அவ்வளவே. அவர் பருப்புக்குப் பேசிய விலை தாங்கும்படி கொட்டை வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

பணம் கட்டிய மறுநாள் காலை அவரே ஆலையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் லாரியின் பின்கதவை இறக்கும் சத்தம், பெண்களின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அமலி அக்காவின் குரல்: “ஏய், மூட்டைய இழுக்காத, தூக்கு!”

“இருவதையும் வித்துரும்மா” என்றார்.

“இலக்கு வெல ஏதாவது வைக்கட்டுங்களா அய்யா? ஏறுமுகமாத்தான் இருக்கு. மாப்ள சார் என்ன சொல்றாரு?”

“அவரு லீவு முடிஞ்சு பெங்களூரு போயிட்டாரு. வெலையெல்லாம் வேண்டாம். கொட்டை எறங்கிக்கிட்டிருக்கு, இப்ப என்ன வெல நிக்குதோ அதுல வித்துரு.” பிறகு போனை விலக்கி யாரையோ பார்த்துக் கத்தினார்: “அமலி, ஈர மூட்டை ஒண்ணு தெரியுது பாரு, அதத் தனியா பிரிச்சுக் கொட்டு!”

நான் திருப்பி வாசிக்க ஆரம்பித்தேன். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். சரி என்றார். விற்றேன்.